கணிப்பொறி வட்டில் வரப்புகள்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. அலங்காநல்லூர் போன்ற ஊர்களில் பல குடும்பங்களுக்கு அதுவே முதல் கணிப்பொறி. முதற்கட்ட மடிக்கணினிகளில் 320 ஜிகாபைட் கொள்ளளவுள்ள ஒரே வட்டில் விண்டோஸ், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்றின் கோப்புகளை மற்றொன்று அழிக்காமல் இரண்டும் எவ்வாறு இயங்கின? இதை அறிந்தால், இயங்குதளத்தை மீண்டும் நிறுவும்போது நம் கோப்புகளைக் காக்கும் வழியும் விளங்கும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால், பலருக்கு இப்போது இது தேவைப்படுகிறது.

அலங்காநல்லூர்ப் பக்கம் நெல் வயலையும் கரும்புத் தோட்டத்தையும் பிரிப்பது வரப்பு. யார் நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சொல்வது கிராமக் கணக்கு. வட்டில் வரப்பு கிடையாது. கணக்கு மட்டும் உண்டு. அதுவே பகிர்வு அட்டவணை. பழைய முறையில், வட்டின் முதல் 512 பைட்டுகளுள் 64 பைட்டுகள் இதற்கு ஒதுக்கப்பட்டன. ஒரு பகிர்வின் குறிப்புக்கு 16 பைட்டுகள் தேவை. ஆகவே முதன்மைப் பகிர்வுகள் நான்குக்கு மேல் இயலாது. இன்றைய ஜி.பி.டி. முறையில் வழக்கமாக 128 பகிர்வுகளுக்கு இடமுண்டு.

ஒரு பகிர்வை 'ஃபார்மட்' செய்தால், அதிலுள்ள கோப்புகளின் முகவரிப் பட்டியல் புதிதாக எழுதப்படுகிறது. இது அந்தப் பகிர்வின் எல்லையைத் தாண்டுவதில்லை. சி பகிர்வை ஃபார்மட் செய்தாலும் டி பகிர்வு அப்படியே இருக்கும். ஆனால் 'வட்டு முழுவதையும் அழி' என்று கட்டளையிட்டால் அட்டவணையே மாறிவிடும். எல்லா வரப்புகளும் போய்விடும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விண்டோஸில் முகப்புத் திரை, 'டாகுமென்ட்ஸ்', 'டவுன்லோட்ஸ்' ஆகியவற்றில் வைப்பவை வழக்கமாக சி பகிர்விலேயே சேர்கின்றன. டி பகிர்வு இருப்பது மட்டும் அவற்றைக் காக்காது. நாமே அங்கு மாற்றி வைக்க வேண்டும். லினக்ஸில் 'ஹோம்' என்னும் பயனர் பகுதியைத் தனிப் பகிர்வாக அமைக்கலாம். மீண்டும் நிறுவும்போது அதை ஃபார்மட் செய்யாமல், பழைய பயனர் பெயரையே கொடுத்து இணைத்தால் கோப்புகளும் அமைப்புகளும் திரும்பக் கிடைக்கும்.

நிறுவத் தொடங்குமுன் ஒவ்வொரு பகிர்வின் அளவையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவும் திரையில் சி, டி என்ற எழுத்துகள் தோன்றாமல் போகலாம்; அப்போது அளவே அடையாளம். வட்டு மறைக்குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், அதன் மீட்புக் குறியீட்டையும் எழுதி வையுங்கள். அஃதின்றிக் கோப்புகளைத் திறக்க முடியாது.

தவறுதலாக ஃபார்மட் செய்துவிட்டால், உடனே கணிப்பொறியை நிறுத்துங்கள். காந்த வட்டில் விரைவு ஃபார்மட் பட்டியலை மட்டுமே புதுப்பிப்பதால், மேலே வேறொன்று எழுதப்படும்வரை கோப்புகளை மீட்க வாய்ப்புண்டு. எஸ்.எஸ்.டி. வகையில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

எத்தனை பகிர்வுகள் செய்தாலும் வட்டு ஒன்றே. அது பழுதானால் எல்லாப் பகிர்வுகளும் சேர்ந்தே போகும். கரும்பில் பற்றிய தீ வரப்பைக் கண்டு நிற்பதில்லை. எனவே மதிப்பெண் சான்றிதழ், நிலப் பத்திரம், குடும்பப் படங்கள் ஆகியவற்றின் நகலை முதலில் வேறொரு வட்டிலோ பென்டிரைவிலோ எடுத்து, அது திறக்கிறதா என்று பார்த்த பின்னரே இயங்குதளத்தில் கை வைக்க வேண்டும்.