குரூப் போட்டோவின் பின்பக்கம்

மண்டப வாசலில் நின்றவரின் முகம் தெரிந்தது, பெயர் வரவில்லை. தலை முழுக்க நரை, கண்ணாடி, சற்றே தொப்பை. ஆனால், சிரிக்கும்போது இடது கன்னத்தில் விழுந்த குழி மட்டும் பத்தாம் வகுப்பில் பார்த்த அதே குழி. நான் தடுமாறுவதைப் பார்த்த இன்னொரு நண்பர், “டேய், நம்ம இருபத்தி மூணுடா!” என்றார். அவ்வளவுதான். இருபத்திரண்டுக்கு அடுத்துத் தினமும் ஒலித்த அந்தக் கரகரத்த “உள்ளேன் ஐயா” காதில் கேட்டது. பெயர் இனிஷியலோடு வந்து நின்றது.

பள்ளி முடித்து 35 ஆண்டுகள் கழித்து நாங்கள் கூடிய நாள் அது. காலையில் சாவியை எங்கே வைத்தோம் என்பதே மறந்துபோகிற வயது இது. இந்த முகமும் வரிசை எண்ணும் மட்டும் எப்படித் தங்கின?

392 பேருக்கு ஒரு தேர்வு

இந்தக் கேள்விக்கு 1975இல் ஓர் ஆய்வு விடை தந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ வெஸ்லியன் பல்கலைக்கழக உளவியலாளர் ஹாரி பாரிக்கும் அவருடைய சகாக்களும் 17 முதல் 74 வயது வரையிலான 392 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள். சிலர் முடித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. சிலருக்கு அரை நூற்றாண்டு. அங்கே பள்ளிகள் ஆண்டுதோறும் மாணவர்களின் படங்களோடு ஆண்டு மலர் வெளியிடும். அந்த மலர்தான் விடைத்தாள்.

முதலில், எந்தத் துணையும் இல்லாமல் வகுப்புத் தோழர்களின் பெயர்களைச் சொல்லச் சொன்னார்கள். பிறகு, அறிமுகமில்லாத முகங்களுக்கு நடுவே தோழர்களின் முகத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். முகத்துக்குப் பெயரையும் பொருத்தச் சொன்னார்கள். பள்ளி முடித்து 15 ஆண்டுகளுக்குள் இருந்தவர்கள் முகங்களையும் பெயர்களையும் சுமார் 90 சதவீதம் சரியாக அடையாளம் கண்டார்கள். 48 ஆண்டுகள் ஆனவர்களும் பெயர்களில் 80, முகங்களில் 70 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். துணையில்லாமல் பெயர் சொல்லும் தேர்வில்தான் சரிவு: 15 ஆண்டுகளில் 60 சதவீதமாக இருந்தது, 48 ஆண்டுகளில் 30 ஆகிவிட்டது.

உளவியலில் இவை இரண்டும் வேறு வேறு வேலைகள். எதுவும் இல்லாத இடத்திலிருந்து ஒன்றைத் தேடி எடுப்பது நினைவுகூர்தல். கண்முன் இருப்பதை “இதுதான்” என்று சொல்வது அடையாளம் காணுதல். பெயர் வரவில்லை என்றால் மறந்துவிட்டோம் என்று பொருளல்ல. பெட்டி உள்ளேதான் இருக்கிறது; சாவி கிடைக்கவில்லை. வாசலில் என் நண்பர் சொன்ன ‘இருபத்தி மூணு’தான் அந்தச் சாவி.

ஏன் இவ்வளவு உறுதி? பரீட்சைக்கு முதல் நாள் இரவு படித்தது மறந்துபோகும். ஆண்டு முழுக்க விட்டுவிட்டுப் படித்தது நிற்கும். வகுப்புத் தோழர்களை நாம் கற்றதும் அப்படித்தான். ஆண்டுக்கணக்கில், நாள்தோறும், ஒரே பெஞ்சில், வேப்பமரத்தடியில், சைக்கிள் ஸ்டாண்டில். யாரும் உட்கார்ந்து மனப்பாடம் செய்யவில்லை. ஆனால், வேறெந்தப் பாடத்தையும் இத்தனை முறை நாம் திருப்பிப் பார்த்ததில்லை.

நினைவில் ஒரு மேடு

வயதும் ஒரு காரணம். நடுவயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கைச் சம்பவங்களைச் சொல்லச் சொல்லி, அவை எந்த வயதில் நடந்தவை என்று வரைபடம் போட்டால், சுமார் 10 முதல் 30 வயது வரையிலான பகுதி மேடாக எழுந்து நிற்கும். டேவிட் ரூபினும் சகாக்களும் 1986இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். முதல் மேடைப் பேச்சு, முதல் தோல்வி, வீட்டுக்குத் தெரியாமல் பார்த்த முதல் சினிமா என்று புதியவை குவியும் காலம் அது. ‘நான் யார்’ என்ற கேள்விக்கு மனம் விடை தேடும் காலமும் அதுதான். அந்த விடையோடு சேர்ந்தவற்றை மனம் எளிதில் விடுவதில்லை.

வாசனைக்கும் இதில் பங்கு உண்டு. மற்றப் புலன்களின் செய்திகள் மூளையின் தலாமஸ் வழியாகவே மேலே போகின்றன. வாசனை மட்டும் அந்த இடைநிலையம் இல்லாமல், உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்கும் நினைவைப் பதியும் ஹிப்போகாம்பஸுக்கும் அருகே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அன்று யாரோ பழைய ஜாமெட்ரி பாக்ஸைக் கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்ததும் பென்சில் சீவலும் ரப்பரும் துருவும் கலந்த வாசனை. பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்திவிட்டார்கள்.

மணியை அடித்தது யார்?

எங்கள் பள்ளி மணி, கம்பியில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. ஒருநாள் யாரோ அதை அரைமணி நேரம் முன்பாகவே அடித்துவிட, பள்ளி முழுக்கப் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. நாங்கள் கூடிய நாளில் மதிய உணவின்போது இரண்டு பேர் “அடித்தவன் நான்தான்” என்றார்கள். இருவருமே பொய் சொல்லவில்லை.

நினைவு, பதிவுசெய்த ஒலிநாடா அல்ல. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது. 1932இல் கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் சொன்னது இது. பாரிக்கின் 1996ஆம் ஆண்டு ஆய்வு இதையே மதிப்பெண்களில் காட்டியது. 99 கல்லூரி மாணவர்களிடம் பள்ளியில் வாங்கிய கிரேடுகளைக் கேட்டு, பள்ளி ஆவணத்தோடு ஒப்பிட்டார்கள். ‘ஏ’ கிரேடுகளை 89 சதவீதம் சரியாகச் சொன்னவர்கள், ‘டி’ கிரேடுகளை 29 சதவீதமே சரியாகச் சொன்னார்கள். பிழைகளில் பெரும்பாலானவை கிரேடை உயர்த்திச் சொன்னவை.

கசப்பும் இனிப்பும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. துயர நினைவுகளோடு ஒட்டிய உணர்ச்சி பொதுவாக விரைவில் தணிகிறது. இனிய நினைவுகளின் உணர்ச்சி நீடிக்கிறது. பிரம்படி வாங்கிய கதையைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடிவது இதனால்தான். ஆனால், எல்லோருக்கும் அது ஆறிவிடுவதில்லை. கட்டணம் கட்டாததற்காக வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட எங்கள் தோழர் ஒருவர் எங்கள் சந்திப்புக்கு வரவில்லை. அவருடைய நினைவும் எங்கள் வகுப்பின் வரலாறுதான்.

பழசைப் பேசுவது நோயா?

1688இல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரைப் பிரிந்த சுவிஸ் மக்களின் ஏக்கத்தை ஒரு நோயாகக் கருதி, அதற்கு ‘நாஸ்டால்ஜியா’ என்று பெயர் வைத்தார். முதியவர்கள் பழங்கதை பேசுவதை மூளைத் தளர்ச்சியின் அடையாளமாகவே மருத்துவர்கள் வெகுகாலம் பார்த்தார்கள். 1963இல் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் அதை மறுத்தார். வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துத் தொகுத்துக்கொள்வது முதுமையின் இயல்பான, தேவையான பணி என்றார். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் கான்ஸ்டன்டைன் செடிகிடெஸும் டிம் வைல்ட்ஷட்டும் பின்னர் நடத்திய சோதனைகளில், பழைய நாளை ஏக்கத்தோடு நினைத்துப்பார்த்தவர்களுக்கு ‘நமக்கு மனிதர்கள் இருக்கிறார்கள்’ என்ற உணர்வு கூடியது. எங்களுக்கும் அன்று அப்படித்தான் இருந்தது.

ஒரு வேலை மிச்சமிருக்கிறது. எங்கள் குரூப் போட்டோவின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. உங்கள் வீட்டுப் படத்திலும் அப்படித்தான் இருக்கும். அடுத்த சந்திப்பில் ஆளுக்கொரு தாளில், யாரோடும் பேசாமல், நினைவிருக்கும் பெயர்களை எழுதுங்கள். பலர் சேர்ந்து நினைவுகூரும்போது ஒருவர் பேச்சு இன்னொருவரின் தேடலைக் குலைக்கிறது. தனித்தனியே நினைவுகூர்ந்து தொகுத்தால் கூடுதலாகக் கிடைக்கிறது. இதுவும் ஆய்வில் கண்ட உண்மை. பிறகு தாள்களை ஒன்றுசேர்த்து, வரிசைவாரியாகப் பெயர்களைப் படத்தின் பின்னால் பென்சிலால் எழுதுங்கள். வராதவர்களின் பெயர்களையும், இல்லாமல் போனவர்களின் பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். முகங்கள் நம்மோடு இருக்கும். பெயர்களுக்குத்தான் நாம் இப்போதே துணை நிற்க வேண்டும்.