ஐந்தாம் எடுகோளைச் சந்தேகித்தவர்கள்

கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் தம் 'மூலங்கள்' நூலைத் தொடங்கும்போது, நிறுவாமலே ஏற்றுக்கொள்ள வேண்டியவை என்று வடிவியலுக்கு ஐந்து எடுகோள்களை வைத்தார். இரு புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கலாம், எல்லாச் செங்கோணங்களும் சமம் என்பன போன்ற முதல் நான்கிலும் யாருக்கும் சிக்கல் இல்லை. ஐந்தாவதுதான் உறுத்தியது. இரண்டு கோடுகளை மூன்றாவது கோடு ஒன்று வெட்டும்போது, ஒரு பக்கத்து உட்கோணங்களின் கூடுதல் இரு செங்கோணங்களுக்குக் குறைவாக இருந்தால், அவ்விரு கோடுகளும் நீள நீள அந்தப் பக்கத்தில் சந்தித்தே தீரும் என்கிறது அது. எவ்வளவு தூரத்தில்? கோணம் மயிரிழை குறைந்தால் பல கோடி மைலுக்கு அப்பாலும் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சரியென்று சொல்ல வழியில்லை. யூக்ளிடுக்கே தயக்கம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். முதல் 28 கூற்றுகளை அதைத் தொடாமலே நிறுவிவிட்டு, 29ஆவதில்தான் அதைக் கையில் எடுக்கிறார். கணிதத்தின் அடிப்படை விதியைக் கேள்வி கேட்பது வீண்வேலை என்பவர்களுக்கு இந்த எடுகோளின் கதையே போதுமான பதில்.

புரோக்ளஸ், உமர் கய்யாம், நசீருத்தீன் தூசி என்று நூற்றாண்டுகள்தோறும் பலர் இதை மற்ற எடுகோள்களிலிருந்து வருவிக்க முயன்றார்கள். ஆக்ஸ்போர்டில் 1663இல் ஜான் வாலிஸ் கொடுத்த நிரூபணத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். எந்த முக்கோணத்தையும் வடிவம் மாறாமல் பெரிதாக்க முடியும் என்று வைத்துக்கொண்டால் ஐந்தாவது எடுகோள் தானாகக் கிடைத்துவிடும் என்று காட்டினார். அதில் பிழையில்லை. ஆனால் வடிவம் மாறாமல் பெரிதாக்கலாம் என்பதற்கு என்ன ஆதாரம்? ஐந்தாவது எடுகோள்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று சமம். நிரூபணமாக அது தோற்றது. ஆனால் வடிவொத்த முக்கோணங்கள் என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்கு அடியில் எந்த விதி கிடக்கிறது என்பதை அது வெளியே கொண்டுவந்தது. இத்தாலியப் பாதிரியார் சக்கேரி 1733இல் வேறு வழியில் போனார். எடுகோள் பொய் என்றே வைத்துக்கொண்டு, முரண்பாடு வருகிறதா என்று தேடினார். தேற்றத்துக்கு மேல் தேற்றமாக வந்தது, முரண்பாடு வரவில்லை. கடைசியில், இதெல்லாம் நேர்கோட்டின் இயல்புக்கு ஒவ்வாதது என்று ஒதுக்கிவிட்டார். ஒரு புதிய வடிவியலின் வாசலில் நின்றுகொண்டு கதவைச் சாத்தியது பெரிய இழப்பு.

கதவைத் திறந்தவர்கள் இருவர்: கசான் நகரில் லோபசெவ்ஸ்கி 1829இலும், ஹங்கேரியரான யானோஷ் போயாய் 1832இலும். ஐந்தாம் எடுகோளின்படி ஒரே இணைகோடு செல்ல வேண்டிய இடத்தில், அதாவது கோட்டுக்கு வெளியே உள்ள ஒரு புள்ளி வழியாக, பல இணைகோடுகள் செல்லும் வடிவியலை இருவரும் தனித்தனியே கட்டினார்கள். அங்கே முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகைக்குக் குறைவு; முக்கோணம் பெரிதாகப் பெரிதாகக் குறைவும் கூடும். கணிதவியலாளர் காஸ் இதை முன்பே கண்டிருந்தும், எழக்கூடிய கூச்சலுக்கு அஞ்சி வெளியிடவில்லை.

விதியை விருப்பம்போல் மாற்றலாம் என்றால் கணிதத்தில் உறுதி எங்கே இருக்கிறது, இரண்டும் இரண்டும் ஐந்து என்றும் சொல்லலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மற்ற விதிகளை அப்படியே வைத்துக்கொண்டு 2 + 2 = 5 என்று சொல்லிப் பாருங்கள். இருபுறமும் 4ஐக் கழித்தால் 0 = 1. பிறகு எல்லா எண்ணும் ஒன்றாகிவிடும், எண்கணிதமே மிஞ்சாது. ஐந்தாம் எடுகோளை மறுத்தபோது அப்படி எதுவும் நேரவில்லை. புதிய வடிவியலுக்கு யூக்ளிடின் வடிவியலுக்குள்ளேயே ஒரு மாதிரியை அமைத்து, புதியதில் முரண்பாடு இருந்தால் பழையதிலும் இருந்தாக வேண்டும் என்று 1868இல் பெல்ட்ராமி காட்டினார். ஆக, மறுப்பு மட்டும் போதாது. மறுப்பின் விளைவுகளைக் கடைசிவரை சுமக்க வேண்டும். கணிதத்தின் உறுதி எடுகோளில் இல்லை, எடுகோளிலிருந்து முடிவுக்குப் போகும் வழியில் இருக்கிறது.

காகிதத்தில் எதையும் கட்டலாம், உலகம் யூக்ளிடின்படிதானே இருக்கிறது என்பது இன்னொரு மறுப்பு. வீட்டுமனை அளக்க யூக்ளிட் தாராளமாகப் போதும். ஆனால் புதன் கோள் சூரியனைச் சுற்றும் நீள்வட்டம் மெல்லத் திரும்பிக்கொண்டே போவதில், நூற்றாண்டுக்கு ஒரு பாகையின் 3600 பங்கில் 43 பங்கு அளவுக்கு, நியூட்டனின் கணக்குக்கு அடங்காத மிச்சம் ஒன்று இருந்தது. ஐந்தாம் எடுகோளுக்குக் கட்டுப்படாத வளைந்த வெளிகளுக்கு ரீமான் 1854இல் வகுத்த வடிவியலைக் கொண்டு ஐன்ஸ்டைன் 1915இல் கணக்கிட்டார். அதே 43 வந்தது. இணைகோடுகளை யாரும் சந்தேகிக்காமல் இருந்திருந்தால், அந்தக் கணக்கை எழுத அவருக்கு வடிவியலே கிடைத்திருக்காது.