புற்றின் போக்கு சொல்லும் குரோமோசோம்: எல்லைத் தமிழருக்கு எட்டுமா?

புதுதில்லி: மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டுப் புற்றுநோய்ப் பரிசோதனை நெறிமுறையில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றே இடம்பெற்றன, புராஸ்டேட் புற்றுநோய் இல்லை. காரணம் உண்டு. முதியோர் பலருக்கு அது உயிரைப் பறிக்காமல் மெல்லவே வளர்கிறது.

எது எலும்புக்குப் பரவும் என்பதைக் குரோமோசோம் மாற்றங்கள் ஓரளவு காட்டுகின்றன. 8-ஆவது குரோமோசோமின் குறுங்கரம் இழக்கப்பட்டு நெடுங்கரம் பெருகியிருந்தாலோ, 10-ஆவதில் பி.டி.இ.என். மரபணு அழிந்திருந்தாலோ நோய் மூர்க்கமாகும் வாய்ப்பு அதிகம். மிச்சிகனில் அருள் சின்னையன் குழு 2005-இல் அறிவித்த 21-ஆவது குரோமோசோம் மரபணு இணைவோ, நோயை அடையாளம் காட்டுமளவுக்கு அதன் போக்கைச் சொல்வதில்லை.

பி.டி.இ.என். இழப்பைத் திசுவுக்குச் சாயமேற்றியே அறியலாம். ஆனால், மண்டலப் புற்றுநோய் மையம் இருப்பது திருவனந்தபுரத்தில். பாலக்காட்டுச் சித்தூர்க்காரருக்குக் கோவையாவது அருகில் உண்டு. தேவிகுளம், பீர்மேடு தோட்டத் தொழிலாளி, சிறுநீர்த் தடையை மூப்பென்று பொறுத்திருந்தால், திசு எடுப்பதற்கு முன்பே வலி முதுகெலும்பை எட்டிவிடக்கூடும்.