பொதிகைக் காட்டில் நடக்கலாம்; துடுப்புக்கு இடமில்லை

தாமிரபரணியின் நீளம் 128 கி.மீ. பொதிகை மலையில் பூங்குளத்தில் பிறந்து, தூத்துக்குடியை அடுத்த முத்தையாபுரத்துக்குத் தெற்கே புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. ஆறு மலையை விட்டு இறங்கும் பாபநாசம் வரை, மேல்பகுதி களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. 1962இல் அமைந்த முண்டந்துறை சரணாலயத்தையும் 1976இல் அமைந்த களக்காடு சரணாலயத்தையும் இணைத்து 1988இல் இது காப்பகமானது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். வல்லநாட்டுப் பக்கமிருந்து குழாயில் தூத்துக்குடிக்கு வரும் குடிநீர் இந்தக் காட்டில் பெய்த மழைதான்.

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் சுமார் 100 கி.மீ. அங்குள்ள வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் காடு. பிளாஸ்டிக் பை, மதுபாட்டில் இருந்தால் அங்கேயே எடுத்து வைத்துவிடுவார்கள். மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். குளிப்பதற்கென்று வருகிறவர்களில் பெரும்பாலோர் அகத்தியர் அருவியோடு நின்றுவிடுகிறார்கள். அதற்கு மேலே சேர்வலாறும் தாமிரபரணியும் நெருங்கி வரும் இடத்தில் முண்டந்துறை, அதையும் தாண்டினால் சொரிமுத்து அய்யனார் கோயில், காரையாறு. ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் அய்யனார் கோயிலில் கூட்டம் நெரியும். காட்டைப் பார்க்க வருபவர்களுக்கு அது ஏற்ற சமயம் அல்ல.

ஆற்றில் படகு விடலாமா என்ற கேள்விக்கு விடை காரையாற்றில் கிடைக்கும். 1940களில் நீர்மின் நிலையத்துக்காகக் கட்டிய பாபநாசம் அணையின் நீர்த்தேக்கத்தில் ஒரு காலத்தில் மோட்டார் படகு ஓடியது. அக்கரையில் பாணதீர்த்தம் அருவி. 1992இல் வந்த ‘ரோஜா’ படத்தின் பாட்டில் அதைப் பார்த்தவர்கள் படகேறிப் போய்க் குளித்து வந்தார்கள். உயிரிழப்புகளுக்குப் பிறகு குளியலுக்குத் தடை வந்தது, படகும் நின்றது. அருவியைப் பார்க்கும் அனுமதி மட்டும் அவ்வப்போது மாறுகிறது. கிளம்புமுன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

படகிலேயே காட்டைக் கடக்க இடம்தரும் ஆறுகளும் உண்டு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில் பிராங்க்ளின் ஆற்றில் ரப்பர் தெப்பமேறி, ஒரு வாரத்துக்கும் மேலாகத் துடுப்புப் போட்டே காட்டைக் கடக்கிறார்கள். அங்கே கட்டவிருந்த அணை, 1983இல் அந்நாட்டு உயர்நீதிமன்றத் தீர்ப்போடு கைவிடப்பட்டது. தாமிரபரணியின் கதை வேறு. மலையிலேயே அணைகள் உண்டு. சமவெளியில் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். ஒரே மூச்சில் படகில் இறங்கி வர வழியே கிடையாது. வனவிலங்குச் சட்டம் இல்லாவிட்டாலும் நிலைமை இதுதான். துடுப்போ பரிசலோ வேண்டுமென்றால் பிச்சாவரமோ ஒகேனக்கலோ போக வேண்டும்.

நடைக்கு மட்டும் வழி இருக்கிறது. 1,868 மீட்டர் உயர அகத்தியமலைக்குத் தமிழ்நாட்டுப் பக்கமாக ஏறிய பழைய யாத்திரை நின்றுபோயிற்று. கேரளத்தின் போனக்காட்டிலிருந்து அம்மாநில வனத்துறை குறிப்பிட்ட பருவத்தில் அனுமதிக்கிறது. 2019 முதல் பெண்களும் ஏறுகிறார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்ற 23 பேரைக் காட்டுத்தீ பலிகொண்ட பிறகு தமிழ்நாட்டில் விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளை இணையப் பதிவோடு திறந்தது. காரையாறு–மூலக்கசம் பாதை அவற்றில் ஒன்று. வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. காணிப் பழங்குடி மக்களைப் போலக் காட்டிலேயே வாழ்கிறவர்கள் உடன் வருவது ஒரு வகையில் பாக்கியம். யானை கடந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதை ஒடிந்த ஈத்தை மூங்கிலைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

இந்த மலைக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. மழைக்காலத்தில் பாதையோரப் புல்லின் நுனியில் அட்டை நிமிர்ந்து நின்று, கால் உரசியதும் ஒட்டிக்கொள்ளும். கடித்தது தெரியாது, காலுறை நனைந்த பிறகே ரத்தம் கண்ணில் படும். துணியில் முடிந்த உப்பால் தொட்டால் விழுந்துவிடும். உப்பளத்து ஊரான முத்தையாபுரத்துக்காரர்கள் அதை விலைக்குத் தேட வேண்டியதில்லை. அட்டையைவிடப் பாறை ஆபத்தானது. ஆற்றுப் பாறையில் காய்ந்ததுபோலத் தோன்றும் பாசி, ஈரக்கால் பட்டதும் வழுக்கும். பாபநாசத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை அருவியில் வெள்ளமாக இறங்கும். நீர் கலங்கி, சருகு மிதந்து வந்தால் உடனே கரையேறிவிட வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியபோது மலையிலும் கனமழை. இரண்டும் சேர்ந்துதான் கரையோர ஊர்களை மூழ்கடித்தன.

நாளேடுகளில் தினமும் வரும் அணை நீர்மட்டத்தைப் பார்த்தே பயணத்தைத் திட்டமிடலாம். பாபநாசத்தின் உச்சமட்டம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. உச்சத்தை நெருங்கினால் உபரிநீர் திறப்பார்கள். அருவிகளிலும் தடை வரும். மழை ஓய்ந்து, கோடைத் தீக்காலம் தொடங்குமுன் உள்ள ஜனவரி நடைக்கு ஏற்றது. தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள்.