முற்றத்துக்கு மூடி போடும் முன்

ஃபேப்ரிகேஷன்காரர் தரும் கொட்டேஷனில் நான்கைந்து வரிகள்தான் இருக்கும். சதுர அடிக்கு இவ்வளவு, மொத்தம் இத்தனை சதுர அடி, ஏற்றுக்கூலி தனி, ஜிஎஸ்டி 18 சதவீதம். காரைக்குடிப் பக்கத்துப் பழைய வளவு வீடானாலும், கும்பகோணத்து ஓட்டு வீடானாலும், மதுரையில் போன வருடம் கட்டிய வீட்டின் நாலடி ஓடிஎஸ் (ஓபன் டு ஸ்கை, வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வானம் பார்க்க விட்ட இடம்) ஆனாலும் அந்தத் தாள் ஒன்றுபோலத்தான் வரும். வீட்டுக்காரர் கடைசி வரியைப் பார்த்து, கொஞ்சம் பேரம் பேசி, முன்பணம் கொடுத்துவிடுகிறார். தாளில் எழுதப்படாத செலவுகள் சித்திரை மாதத்தில்தான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன.

முற்றத்தை மூட நினைப்பவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஐப்பசி மழையில் தாழ்வாரம் முழுக்கச் சாரல் அடிக்கிறது. ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பெரியவர்கள் எத்தனையோ பேர். குரங்கு இறங்குகிறது, திருடனும் இறங்கலாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலிலேயே கடிக்கிறது. இவற்றில் ஒன்றுகூட அற்பமான காரணம் இல்லை. ஆனால் மழை, கொசு, திருடன் ஆகிய மூன்றையும் தடுக்கப் போகும் அந்த மூடி நான்காவதாகக் காற்றையும் தடுத்துவிடுகிறது. சிக்கல் அங்கேதான்.

வீட்டுக்குள் ஆட்கள், அடுப்பு, வெயிலில் சூடேறிய கூரை எல்லாம் சேர்ந்து காற்றைச் சூடாக்குகின்றன. சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு, அதனால் மேலே எழுகிறது. மேலே வாய் திறந்திருந்தால் வெளியேறிவிடும். அது விட்டுப்போன இடத்தை நிரப்ப வாசல் வழியாகவும் கொல்லை வழியாகவும் புதுக்காற்று உள்ளே வரும். ஆயிரம் சதுர அடி வீட்டில், பத்தடி உயரத்துக்கு, சுமார் 280 கன மீட்டர் காற்று இருக்கும். உள்ளுக்கும் வெளிக்கும் 2 டிகிரி வித்தியாசம், ஜன்னலுக்கும் முற்றத்தின் வாய்க்கும் இடையே இரண்டரை மீட்டர் உயரம், மேலேயும் கீழேயும் தலா 2 சதுர மீட்டர் தடையில்லாத திறப்பு என்று வைத்துக்கொண்டு, காற்றோட்டத்துக்கான வழக்கமான சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், வினாடிக்கு ஏறக்குறைய அரை கன மீட்டர் காற்று நகர்கிறது. அதாவது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வீட்டின் காற்று முழுவதும் மாறிவிடுகிறது. வெளியே இலை அசையாத நாளிலும், மின்சாரம் போன நேரத்திலும் இது நடக்கும்.

இரவில் முற்றத்துக்கு இன்னொரு வேலை. பகலெல்லாம் வெயில் குடித்த தரையும் சுவரும் அந்தச் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வானத்தை நோக்கி விடுகின்றன. தெளிந்த, வறண்ட இரவில் இப்படி ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் 50 வாட்டுக்கு மேல் வெளியேற முடியும். காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் அந்தக் கதிரில் ஒரு பகுதியைக் காற்றே திருப்பி அனுப்பிவிடும். ஆகவே நாகப்பட்டினத்து முற்றத்தைவிடக் காரைக்குடி முற்றத்துக்கு இந்தப் பலன் அதிகம். எந்த ஊராக இருந்தாலும், வானத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு தகடு வந்துவிட்டால் இந்த வழி அடைபட்டுப்போகும்.

கண்ணாடி போட்டால் ஏன் சூடாகிறது என்பதற்குப் பள்ளிப் பாடத்தில் ஒரு விளக்கம் உண்டு: வெயில் உள்ளே வரும், சூடான பொருள்கள் விடும் அகச்சிவப்புக் கதிர் வெளியே போகாது. தவறில்லை, ஆனால் பாதிதான். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் வுட் 1909இல் இதைச் சோதித்துப் பார்த்தார். கறுப்பு அட்டை பதித்த இரண்டு பெட்டிகள். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி, மற்றதற்கு அகச்சிவப்புக் கதிரையும் தாராளமாக வெளியே விடும் பாறையுப்புத் தகடு மூடி. வெயிலை முதலில் ஒரு கண்ணாடி வழியாக வடிகட்டி இரண்டின் மீதும் விழச் செய்தபோது, இரண்டு பெட்டிகளுமே சுமார் 55 டிகிரி செல்சியஸை எட்டின. வித்தியாசம் ஒரு டிகிரி அளவுக்குத்தான். கதிர் வெளியே போனாலும் போகாவிட்டாலும் பெட்டி கொதித்தது, ஏனென்றால் இரண்டிலும் காற்று வெளியேற வழியில்லை. மூடிக்கு எந்தப் பொருள் என்று கடையில் தேடி அலைகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இந்த நூறு வருடப் பழைய சோதனையைத்தான்.

அப்படியென்றால் பொருளில் ஒன்றுமே இல்லையா? நிறைய இருக்கிறது. பத்துக்குப் பத்தடி முற்றம் 9.3 சதுர மீட்டர். ஏப்ரல் மாத நண்பகலில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 950 வாட் அளவுக்கு வெயில் விழுகிறது. சாதாரணத் தெளிந்த கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விடும். கணக்குப் போட்டால் 7 கிலோவாட். ஒரு டன் ஏசி அகற்றக்கூடிய வெப்பம் மூன்றரை கிலோவாட். ஆகவே கண்ணாடிக் கூரை உள்ளே இறக்கும் சூட்டை வெளியேற்ற மட்டுமே 2 டன் ஏசி முழு மூச்சாக ஓட வேண்டும். திறந்த முற்றத்திலும் இதே வெயில் விழத்தான் செய்தது. ஆனால் அப்போது சூடான காற்று எழுந்து போய்க்கொண்டிருந்தது.

கண்ணாடிக் கூரை போட்ட அறை குளிர்நாட்டுச் சரக்கு. லண்டனில் டிசம்பர் நண்பகலில் சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 டிகிரிதான் ஏறுகிறது. கிடைக்கும் கொஞ்ச வெயிலையும் பிடித்து வைக்க அங்கே கண்ணாடி தேவைப்படுகிறது. தமிழ்நாட்டிலோ சூரியன் வருடத்தில் இரண்டு முறை நேர் உச்சிக்கு வருகிறது: சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும், ஆகஸ்டு மூன்றாவது வாரத்திலும். நம் ஊரில் பக்கச் சுவரில் கண்ணாடி வைப்பதும் தலைக்கு மேல் கண்ணாடி வைப்பதும் ஒன்றில்லை. தெற்கு, வடக்குச் சுவர்க் கண்ணாடியைக் கோடை நண்பகல் வெயில் உரசிக்கொண்டுதான் போகும். கூரைக் கண்ணாடியின் மேல் செங்குத்தாக இறங்கும்.

கண்ணாடிக்குச் செலவும் எடையும் அதிகம் என்று பலர் பாலிகார்பனேட் ஷீட்டுக்குப் போகிறார்கள். நல்ல பொருள்தான், போடத் தெரிந்தவர் போட்டால். அந்த ஷீட்டில் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குத்தான் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சு உண்டு. எந்தப் பக்கம் என்பது மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் அச்சிட்டிருக்கும். அவசரத்தில் படலத்தை உரித்துவிட்டுத் திருப்பிப் போட்டால் ஷீட் சீக்கிரமே மஞ்சளடித்து நொறுங்கத் தொடங்கும். உள்ளே குழல்குழலாக இருக்கும் ஷீட்டின் முனைகளை டேப் ஒட்டி அடைக்காவிட்டால் தண்ணீர் புகுந்து பாசி பிடிக்கும். பிறகு எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது.

அதைவிட முக்கியம் திருகாணி ஓட்டை. மூன்று மீட்டர் நீளமுள்ள பாலிகார்பனேட் ஷீட், விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் இடையே 40 டிகிரி சூடேறினால், கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் நீள்கிறது. அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட நீளாது. ஓட்டையைத் திருகாணிக்குச் சரியாகப் போட்டு இறுக்கிவிட்டால், ஷீட் ஒவ்வொரு நாளும் அந்த ஆணியோடு மல்லுக்கட்டும். முதல் வருடத்தில் "டிக், டிக்" என்று சத்தம், அடுத்து ஆணியைச் சுற்றி விரிசல், அடுத்து ஒழுகல். ஓட்டையைத் தாராளமாகப் போட்டு, அகலமான ரப்பர் வாஷர் வைத்து, அளவாக இறுக்குவதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாகும். கொட்டேஷனில் இந்த ஒரு மணி நேரத்துக்கு வரி கிடையாது.

காற்றுக்கும் கிடையாது. இந்தியத் தர நிர்ணய விதிகளின்படி சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டரில் உருவாகும் அழுத்தம் சுமார் 150 கிலோ எடைக்குச் சமம். முற்றத்து மூடியின் மேல் அது பெரும்பாலும் அமுக்குவதில்லை, உறிஞ்சி மேலே தூக்குகிறது. பத்து மில்லிமீட்டர் குழல் பாலிகார்பனேட்டில் போட்ட பத்துக்குப் பத்தடி மூடி, சட்டம் தவிர, 16 கிலோதான். அதைப் பெயர்த்தெடுக்க வரும் விசையோ 1,400 கிலோ அளவு. 2016 டிசம்பர் 12இல் வர்தா சென்னையைக் கடந்தபோதும், 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோதும் ஷீட்டுகள் பறந்ததற்கு இந்த வித்தியாசமே காரணம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவரில் நாலு போல்ட் அடித்து நிறுத்தினால், புயலில் சுவரின் மேல் வரிசைச் செங்கலும் சேர்ந்தே போகும்.

கண்ணாடிதான் வேண்டும் என்பவர்கள், தலைக்கு மேல் லாமினேட்டட் கண்ணாடியைத் தவிர வேறெதையும் ஏற்கக் கூடாது. வெறும் டஃபன்டு கண்ணாடி சில சமயம் எந்த அடியும் படாமல் தானாகவே வெடித்துப் பொடிப்பொடியாக உதிரும். லாமினேட்டட் என்றால் நடுவில் உள்ள படலம் துண்டுகளைப் பிடித்து நிறுத்திவிடும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் பற்றி விவாதமே தேவையில்லை. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

மழைநீர் எங்கே போகும் என்பதையும் யாராவது கேட்க வேண்டும். நான்கு பக்க ஓட்டுக் கூரையும் முற்றத்துக்குள் சரியும் வீட்டில், மூடி பத்துக்குப் பத்தடிதான் என்றாலும் மழை ஏந்தும் பரப்பு 40 சதுர மீட்டர்கூட இருக்கும். ஒரு நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதில் 4,000 லிட்டர் தண்ணீர். இத்தனை காலம் முற்றத்துக் கல்தரையில் விழுந்து தூம்பு வழியாக ஓடிய தண்ணீருக்கு இனி மேலேயே வாய்க்கால் போட்டுக் குழாயில் இறக்க வேண்டும். வாய்க்காலில் ஒரு கைப்பிடி வேப்பிலை அடைத்தாலும் தண்ணீர் தாழ்வாரத்துக்குள் இறங்கிவிடும். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், அந்தக் குழாயை நேரே சேகரிப்புத் தொட்டிக்குக் கொண்டுபோவது நல்லது.

இனி பணம். இரும்பு விலைக்கும் ஊருக்கும் ஏற்ப மாறும் என்றாலும், பத்துக்குப் பத்தடிக்குக் கம்பி கிரில்லும் கொசுவலையும் 20,000 முதல் 30,000 ரூபாயில் முடியும். இரும்புச் சட்டத்தோடு பாலிகார்பனேட் 25,000 முதல் 45,000 வரை. லாமினேட்டட் கண்ணாடி லட்சத்தைத் தொடும் அல்லது தாண்டும். இதன் மேல் மின்கட்டணத்தைச் சேர்க்க வேண்டும். காற்று வராமல் போன வீட்டில் புதிதாக ஒன்றரை டன் ஏசி ஒன்று கோடையின் 120 நாளும் தினம் எட்டு மணி நேரம் ஓடினால், மணிக்கு ஒன்றரை யூனிட் வீதம் 1,440 யூனிட். மேல் அடுக்குகளில் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்குக் குறையாது. ஒரு கோடைக்கு 11,500 ரூபாய். மூன்று நான்கு கோடையில் மூடியின் விலையை இன்னொரு முறை கட்டியாகிவிடும்.

மழையையும் கொசுவையும் தடுத்து, காற்றை மட்டும் விடும் வழி ஒன்று இருக்கிறது. மூடியைச் சுவரோடு ஒட்ட வைக்காமல் இரண்டடி உயர்த்தி வைப்பது. பத்துக்குப் பத்தடி முற்றத்துக்குச் சுற்றளவு 40 அடி. இரண்டடி உயரத்துக்கு நான்கு பக்கமும் திறந்தால் 80 சதுர அடி, ஏழு சதுர மீட்டருக்கு மேல். கொசுவலை அடித்தாலும் அதில் மூன்றில் இரண்டு பங்கு, கிட்டத்தட்ட 5 சதுர மீட்டர், காற்றுக்கு மிஞ்சும். மேலே சொன்ன கணக்கில் நமக்குத் தேவைப்பட்டது 2 சதுர மீட்டர்தான். சாரல் அடிக்காதிருக்க மூடி சுவரைத் தாண்டி இரண்டடி வெளியே நீள வேண்டும். மேல் பரப்பு வெயிலை விடாத இன்சுலேஷன் ஷீட்டாகவும், வெளிச்சத்துக்கு நடுவே ஓரடி அகலத்தில் மட்டும் ஒளி ஊடுருவும் பட்டையாகவும் இருந்தால் போதும். உயர்த்திய மூடியைக் காற்று இன்னும் வலுவாகப் பிடிக்கும் என்பதால் நங்கூரமும் அதற்கேற்ப வலுவாக வேண்டும். அதைக் கட்டடப் பொறியாளர் ஒருவர்தான் முடிவு செய்ய வேண்டும், வெல்டர் அல்ல. செலவு கூடும். கூடினாலும் இதுவே கொடுத்த காசுக்குப் பெறுமானமானது.

எதைப் போட்டாலும் மூடவே கூடாத இடம் ஒன்று உண்டு. குளியலறை, சமையலறை ஜன்னல்கள் திறக்கும் ஓடிஎஸ். குளியலறையில் கேஸ் கீஸர் இருந்து, அதன் ஒரே காற்று வழி அந்த ஓடிஎஸ்ஸாக இருந்து, அதன் வாயை ஷீட் போட்டு அடைத்துவிட்டால், போதிய ஆக்சிஜன் கிடைக்காமல் எரியும் வாயு கார்பன் மோனாக்ஸைடை உண்டாக்கும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு உள்ளே இருப்பவரைச் சத்தமில்லாமல் மயக்கித் தள்ளும். அங்கே கம்பியும் வலையும் மட்டுமே போதும். வீட்டைச் சுற்றி விட வேண்டிய காலி இடத்துக்கு மேல் ஷீட் இழுப்பதும் கட்டட விதிமீறல். வேலை தொடங்குமுன் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுவது பின்னால் இடிப்பதைவிட மலிவு.

பெரும்பாலான வீடுகளில் இந்த முடிவு ஐப்பசி, கார்த்திகையில், நனைந்த எரிச்சலில் எடுக்கப்படுகிறது. அப்போது வீடு குளுகுளுவென்று இருப்பதால் காற்றின் அருமை தெரிவதில்லை. அவசரப்படாதீர்கள். இந்த மழைக்குத் தார்ப்பாயைக் கட்டிச் சமாளியுங்கள். சித்திரையில் அதே தார்ப்பாயை முற்றத்தின் வாயில் இறுக்கமாக மூன்று நாள் கட்டுங்கள். அடுத்த மூன்று நாள் இரண்டடி உயர்த்திக் கட்டுங்கள். அதன்பின் மூன்று நாள் திறந்தே விடுங்கள். கூடத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வெப்பமானி ஒன்றை மாட்டி, மதியம் மூன்று மணிக்கும் இரவு பத்து மணிக்கும் குறித்து வையுங்கள். அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு ஃபேப்ரிகேஷன்காரரைக் கூப்பிடுங்கள்.