பிடோக் வானில் காற்று வைத்த சட்டம்

டிசம்பரில் பிடோக் ஜெட்டியில் நின்று கிழக்கே பாருங்கள். சாங்கிக்கு வரும் விமானங்கள் கடலுக்குமேல் தாழ்ந்து வந்து வடக்கு நோக்கி இறங்கும். ஜூலையில் பெரும்பாலும் அதே கடலுக்குமேல் விமானங்கள் ஏறிக்கொண்டிருக்கும். திசையை மாற்றுவது பருவக்காற்று. டிசம்பரில் வடகிழக்கு, ஜூலையில் தென்மேற்கு. விமானம் ஏறுவதும் இறங்குவதும் காற்றை எதிர்த்துத்தான்.

எதிர்க்காற்றால் என்ன லாபம்? விமானத்தைத் தூக்குவது இறக்கைமேல் பாயும் காற்றின் வேகம். சக்கரம் உருளும் வேகம் அல்ல. மேலெழ மணிக்கு 280 கிலோமீட்டர் வேகம் தேவை, எதிர்க்காற்று 20 என்றால், தரையில் 260 போதும்.

முன்விளிம்பு சற்று நிமிர்ந்த இறக்கை, வரும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அதன் எதிர்விசை இறக்கையை மேலே தள்ளுகிறது. இறக்கையின் மேலும் கீழும் பிரியும் காற்று பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேரவேண்டும், அதனால் மேலே வேகம் கூடுகிறது என்ற விளக்கம் இன்றும் பல புத்தகங்களில் இருக்கிறது. அது தவறு. மேலே செல்லும் காற்று முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடும். பிள்ளைகளுக்கு இனியாவது இதைச் சரியாகச் சொல்லித்தர வேண்டும்.

இறக்கையின் பலம் ஏ380 விமானத்தில் தெரியும். அதன் முதல் பயணிகள் சேவையை 2007 அக்டோபர் 25 அன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்தான் சிட்னிக்கு நடத்தியது. முழுச் சுமையில் சுமார் 560 டன் எடை. நான்கு எஞ்சின்களின் மொத்த உந்துவிசையோ அந்த எடையில் கால்வாசிதான்! எஞ்சின் முன்னே தள்ளுகிறது, சுமப்பது இறக்கை. வெப்பத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் இறக்கை, எஞ்சின் இரண்டுக்கும் பலம் குறையும். நம் ஊர் உச்சிவெயிலில் கனத்த விமானங்கள் நெடுந்தூரம் ஓடியே எழுகின்றன.

ஹெலிகாப்டருக்கு இறக்கையே சுழல்கிறது. அதனால் ஒரே இடத்தில் நிற்க முடியும். ஆனால் எடை முழுவதையும் சுழலி ஒவ்வொரு நொடியும் தாங்கவேண்டும், எரிபொருள் கரையும். பாய லேபார் தளத்து எஃப்-15 போர் விமானமோ, சுமை குறைந்தால் தன் எடைக்கு ஈடான உந்துவிசையோடு கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும்.

ஏறும் பாதையில் எதுவும் குறுக்கிடக் கூடாது என்பதால்தான் அந்தத் தளத்தைச் சுற்றிய வட்டாரங்களில் கட்டட உயரத்துக்கு வரம்பு உண்டு. 2030களில் தளம் இடம்பெயரத் தொடங்கும் என்று 2013இல் அரசாங்கம் அறிவித்தது. அதன்பின் அந்த வரம்புகள் தளரும்.