குதிரைக்குட்டியின் வம்சாவளியும் அதன் வருங்காலமும்

வடஜேர்மனியில் புகையிரதப் பயணம் செய்பவர்கள், வேலியிட்ட புல்வெளிகளில் மேயும் உயர்சாதிக் குதிரைகளைக் கண்டிருப்பர். அவை ஏர் உழுவனவல்ல, பாரம் இழுப்பனவுமல்ல. விளையாட்டுக்கென வளர்க்கப்படுபவை. பிறப்புப் பதிவும், பல தலைமுறைகளைக் காட்டும் வம்சாவளிப் பட்டியலும் அவற்றுக்கு உண்டு. குட்டி மூன்று வயதை எட்டி, எப்பயிற்சியில் ஈடுபடுத்துவது என்ற வினா எழும்போது, உரிமையாளர் முதலில் விரிப்பது இப்பட்டியலையே.

ஒலிம்பிக் விளையாட்டில் குதிரைக்குரிய துறைகள் மூன்று. சவாரியாளரின் நுண்ணிய சைகைக்கு இசைந்து ஒழுங்குற நடைபயிலும் ட்ரெசாஜ் ஒன்று. தடை தாண்டல் மற்றொன்று. இவ்விரண்டோடு திறந்தவெளி ஓட்டமும் சேர்ந்த முக்கூட்டுப் போட்டி மூன்றாவது. ஒன்றுக்கு வேண்டிய உடலமைப்பு மற்றொன்றுக்குப் போதுவதில்லை. குதிரையின் முதுகெலும்பு ஐந்து, ஆறு வயதுவரை வளர்கிறது. ஆகவே, பொருந்தாத பயிற்சியை இளமையில் திணித்தால் பணம் மட்டுமன்றி, விலங்கின் உடல்நலமும் பாழாகும்.

பட்டியல் கூறுவது என்ன?

பட்டியலின் மேற்பாதி தந்தைவழி, கீழ்ப்பாதி தாய்வழி. பெயருக்குப் பின்னால் இரண்டு 'எக்ஸ்' எழுத்துகள் இருப்பின் அம்மூதாதை ஆங்கிலப் பந்தயக் குதிரை இனத்தைச் சார்ந்தது. வேகத்தையும் நீடித்த மூச்சையும் அதனிடம் எதிர்பார்க்கலாம். பிரான்சில் 1968இல் பிறந்து ஹொல்ஸ்டைனுக்குக் கொண்டுவரப்பட்ட கோர் டி லா பிரியேர் போன்ற பெயர்கள் அடுத்தடுத்துத் தோன்றினால் அது தடை தாண்டலுக்கான குறி. 1981இல் பிறந்த டொனர்ஹாலின் பெயர் இருப்பின் பெரும்பாலும் ட்ரெசாஜ் நினைவுக்கு வரும்.

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்பது எம்மவர் பழமொழி. ஹொல்ஸ்டைன் வளர்ப்பாளரும் தாய்வழிக் குடும்பங்களுக்கு இலக்கமிட்டு அவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வருகின்றனர். புகழ்பெற்ற ஆண்குதிரைக்குக் குட்டிகள் நூற்றுக்கணக்கில் பிறக்கும். அவற்றுள் சில வெல்வது வியப்பன்று. ஆனால் ஒரு பெண்குதிரை ஈனும் சில குட்டிகளுள் பல சிறந்தால், அது கூடுதல் கவனத்துக்குரிய சான்றாகும்.

எனினும் இனப்பெயரை மட்டும் நம்புதல் தவறு. கிழக்குப் பிரஷ்யாவில் 1732இல் நிறுவப்பட்ட டிராகேனன் பண்ணையின் குதிரைகளை எடுத்துக்கொள்வோம். 1945 தை மாதக் கடுங்குளிரில், போர்முனை நெருங்கியபோது, அகதிகளாகிய மக்களின் வண்டிகளை இழுத்தபடி உறைந்த கடற்காயலைக் கடந்தவை இவை. வழியில் மாண்டவை பல. எஞ்சியவற்றின் தொடையிலிருந்த எல்க் மான்கொம்புக் குறியே அவற்றின் அடையாளப் பத்திரமாயிற்று. 1947இல் மேற்கு ஜேர்மனியில் இவ்வினத்துக்கெனச் சங்கம் அமைந்தது. இவ்வினத்தின் அப்துல்லா 1984 ஒலிம்பிக்கில் தடை தாண்டலில் பதக்கம் வென்றது. அதே இனத்தின் கிரிபால்டிக்குப் பிறந்த டோட்டிலாஸோ, 2010 உலகப் போட்டியில் ட்ரெசாஜில் மூன்று தங்கம் பெற்றது. ஆகவே, இனத்தைவிட நெருங்கிய மூதாதையர் என்ன செய்தனர் என்பதே முக்கியம்.

பட்டியலை மீறிய குதிரை

1988 சியோல் ஒலிம்பிக்கில் தடை தாண்டலில் தனிநபர் தங்கம் வென்ற பிரெஞ்சுக் குதிரை ஜாப்பலூவின் தந்தை, வண்டிப் பந்தயத்துக்குரிய துரித நடை இனத்தது. தாய் ஓட்டப் பந்தய இனத்தது. உயரமோ 158 சென்ரிமீற்றர் அளவே. பட்டியலை மட்டும் பார்த்தவர் அதைத் தடை தாண்டலுக்குத் தெரிந்திருக்கமாட்டார். உடன்பிறந்த குட்டிகள்கூட ஒரே பெற்றோரிடமிருந்து வெவ்வேறு கூறுகளைப் பெறுகின்றன.

எனவே அறிந்தோர் பட்டியலை மூடிவைத்த பின் குட்டியையே பார்க்கின்றனர். சவாரியாளரின்றித் தடையைத் தாண்டவிட்டு, அது முன்கால்களை எவ்வாறு மடக்குகிறது, அஞ்சுகிறதா, விரும்புகிறதா என நோக்குகின்றனர். நடை, துரித நடை, பாய்ச்சல் மூன்றையும் அளவிடுகின்றனர். முதலாண்டில் எல்லாவற்றுக்கும் பொதுவான பயிற்சியே அளித்து, துறையைப் பின்னரே முடிவு செய்வது விவேகம்.

பிறப்பை வைத்துத் தொழிலை விதித்த சமுதாயத்திலிருந்து வந்த நாம் ஒன்றை மறத்தலாகாது. குதிரையைக் குறித்த நோக்கத்துக்காகவே மனிதன் இணைசேர்க்கிறான். மனிதர் அவ்வாறு பிறப்பதில்லை. அவ்வாறு பிறந்த குதிரையிடத்திலேயே ஏடு தவறக்கூடுமெனில், பிள்ளைகளின் கல்வித்துறையைக் குடும்பப் பெயரால் தீர்மானிக்கும் பெற்றோர் சற்றே சிந்தித்தல் நன்று.